வேங்கைமரத்தூருக்குப் போன சனிக்கிழமை

மே 10, வெள்ளி

நாளை வேங்கைமரத்தூர். நான்கு வருடமாக ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பேசிப் பேசித் தள்ளிப்போன பயணம். அணைக்குப் பின்னால் காட்டை ஒட்டிய மலைவாழ் மக்களின் ஊர். அந்த ஊர்ப் பெண்களே குழுவாகச் சேர்ந்து நடத்தும் ஒருநாள் சுற்றுலா. காலையில் பரிசல், மதியம் அவர்கள் கையால் சாப்பாடு, பிறகு காட்டுக்குள் நடை, கடைசியில் ஓடைக் குளியல். மகள் நிறைமதிதான் போன் செய்து இடம் பிடித்தாள். பதினான்கு வயதாகிறது அவளுக்கு. பறவைப் பெயர்களை எழுதியே ஒரு நோட்டை நிரப்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வர ஆறு மணி ஆகிவிட்டது. என்னிடம் மருந்து வாங்க இன்று வாசல்வரை வரிசை. வந்து துணி மடித்தேன், இட்லி மாவைக் கரைத்து வைத்தேன். வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார். எங்கள் பெயின்ட் கடைக்கு அடுத்த மளிகைக்காரர் கொடுத்ததாம். ஊருக்குக் கிளம்பும்போதா என்று கத்தினேன். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிந்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. வீடு முழுக்க வாசம்.

நிறைமதி சுற்றுலாக் குழு அனுப்பிய விதிமுறைகளை அச்செடுத்து வந்து சத்தமாகப் படித்தாள். பளிச்சென்ற நிறத்தில் சட்டை கூடாது, சென்ட் கூடாது, நடைக்குப் போகும்போது தின்பண்டம் கூடாது. இனியனுக்கு ஆறு வயது. வேளைக்கு மூன்று வாய்க்கு மேல் இறங்காது, ஒரு மணி நேரத்தில் பசி என்று அழுவான். விதி எழுதுகிறவர்கள் வீட்டில் இப்படிப் பிள்ளை இல்லை போலிருக்கிறது.

மே 11, சனி

எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம். எழுத முடியவில்லை.

மே 13, திங்கள்

இன்று விடுப்பு. இனியனுக்குக் காய்ச்சல் போல இருந்தது, இப்போது இல்லை. சனிக்கிழமையை ஒழுங்காக எழுதி வைத்துவிடுகிறேன். யாராவது கேட்டால் சொல்ல உதவும்.

காலை ஒன்பதரைக்கு வேங்கைமரத்தூர் போய்ச் சேர்ந்தோம். சுக்குக் காபி கொடுத்தார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண்ணின் பெயர் மருதி. முப்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள், காலில் ரப்பர் செருப்பு. பரிசலும் அவளே ஓட்டினாள். நாங்கள் நால்வரும் சம்மணமிட்டு உட்கார்ந்ததும் துடுப்பால் கரையை ஒரு தள்ளு தள்ளி, "தண்ணிக்குள்ள கை விடாதீங்க தம்பி, முதலை இருக்குது" என்றாள். இனியன் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று சிரித்தான். நூறடி போனதும் மணல் திட்டில் மரக்கட்டை மாதிரி ஒன்று கிடந்தது. அது வாயைத் திறந்தது. இனியன் என் மடிக்குள் வந்துவிட்டான்.

அந்தத் தண்ணீரின் அமைதியை என்னால் சொல்லத் தெரியவில்லை. துடுப்புச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. திடீரென்று பரிசலுக்குப் பத்தடி தள்ளி ஐந்து தலைகள் எழும்பின. நீர்நாய்கள். மீசையில் தண்ணீர் சொட்ட எங்களைப் பார்த்து உஸ்ஸென்று சீறிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக முங்கி, அக்கரையில் எழுந்து ஒரு மீனுக்குச் சண்டை போட்டன. நிறைமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை நாள். மருதி அவளிடம், "பாப்பா, இதுகளுக்குக் குடும்பம்னா உசுரு. ஒண்ணு பின்தங்குனாலும் மத்ததெல்லாம் நின்னு பாக்கும்" என்றாள். பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நிறைமதி கேட்கிற பறவைக்கெல்லாம் அவர்கள் ஊர்ப் பெயரை மருதி சொல்ல, இவள் நோட்டில் எழுதினாள். எங்களிடம் பேசாத பிள்ளை அவளிடம் அத்தனை பேசினாள். அவர் என் காதில், "இவளக் கூட்டிட்டு வந்ததுக்கு இதுவே போதும் பூங்கொடி" என்றார்.

அக்கரைச் சரிவில் ஒரு காட்டெருமை தனியாக நின்று தண்ணீர் குடித்தது. தோளே ஓர் ஆள் உயரம்.

மதியம் களி, கீரைக் குழம்பு, நாட்டுக்கோழி, சாதம். இனியன் இரண்டு வாய் சாப்பிட்டான்.

இரண்டு மணிக்கு நடை. மற்ற குடும்பங்கள் வேறு வழிகாட்டிகளோடு முன்னால் போய்விட்டன. கிளம்பும் முன் மருதி, "பையில திங்கற சாமான் எதாச்சும் இருக்குதுங்களா அக்கா? பழம், முறுக்கு, எதா இருந்தாலும் இங்கயே வெச்சுட்டுப் போயிரலாம்" என்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லப்பட்டது. வரிசையாக நடந்தோம். மலை அணில் ஒன்றைப் பார்த்தோம், பூனை அளவு, செம்பட்டை நிறம். அரை மணி நேரம் போனதும் பாதையில் யானைச் சாணம். மருதி புறங்கையை அதன் அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, "சூடு போகல. இந்தப் பக்கம் வேண்டாம், ஓடையோரமாப் போயிரலாம்" என்று எங்களை வேறு பாதையில் திருப்பினாள். இது முக்கியம். வழக்கமான பாதையை மாற்றியது அவள்தான்.

ஓடை அருகில் இனியன் உட்கார்ந்துவிட்டான். அழுதான். நான் அவனைச் சமாதானப்படுத்தினேன். பத்து நிமிடம் கழித்து மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து அது வந்தது. பெண் யானை, கூட ஒரு குட்டி. இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சத்தமில்லாமல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. மருதி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசினாள். "ஓடாதீங்க. பின்னாலயே நடந்து அந்தப் பாறைக்குப் போங்க. அண்ணா, பையனத் தூக்குங்க." இனியன் கல்லாக நின்றிருந்தான். அவளே அவனைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, இடப்பக்கம் போய்க் கைதட்டிச் சத்தம் போட்டாள். யானை எங்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அவள் பக்கம் போயிற்று.

அவள் கற்களுக்கு நடுவே விழுந்ததைப் பாறைக்குப் பின்னாலிருந்து பார்த்தோம். ஒரு நிமிடம்கூட இருக்காது. யானை குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சத்தம் கேட்டு ஊர் ஆட்கள் ஓடி வந்தார்கள். அவளைச் சேலைத் தூளியில் தூக்கியபோது, "நாலு பேரும் இருக்காங்களா?" என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். இடது தொடை எலும்பு முறிவு. கோவை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வீட்டுக்கு வந்து பையைக் காலி செய்தேன். எவர்சில்வர் டப்பா ஒன்று தொலைந்திருக்கிறது.

மே 15, புதன்

வனத்துறையிலிருந்து வனவர் போன் செய்தார். விசாரணைக்காக நடந்ததை எழுதி அனுப்பச் சொன்னார். நான்கைந்து கேள்விகள். வீட்டுக்காரர் கடையில் வேலையாக இருந்ததால் நானே எழுதினேன். வழிகாட்டி வழக்கமான பாதையை விட்டு வேறு பாதையில் அழைத்துச் சென்றாரா? ஆம். யானையைச் சீண்டினீர்களா? இல்லை. படம் எடுத்தீர்களா? இல்லை. உணவுப் பொருள் கொண்டு சென்றீர்களா? இல்லை. கீழே பெயர், அரசு மருந்தாளுநர் என்று பதவி, கையெழுத்து.

கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது.

மே 19, ஞாயிறு

மிளகாய் காயவைத்தேன். தலையணை உறைகளைத் துவைத்தேன். நிறைமதி நான்கு நாளாக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். அந்த வயசு அப்படித்தான்.

ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர், வேறு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்று அடித்துச் சொன்னார். சட்டைப் பையில் வெளியே வாங்கிய மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. வரிசையே திரும்பிப் பார்க்கிற மாதிரி அவரைத் திட்டினேன். "உண்மையச் சொன்னாத்தான நாங்க பாத்துக் குடுக்க முடியும்?" பாவம், தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மே 28, செவ்வாய்

நிறைமதி வேங்கைமரத்தூர் எண்ணுக்கு அவளாகவே போன் செய்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. மருதிக்குத் தொடையில் கம்பி வைத்திருக்கிறார்களாம். சுற்றுலாவை நிறுத்திவிட்டார்களாம். விதியை மீறிப் பாதை மாற்றினாள் என்று மருதியைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்களாம்.

இதையெல்லாம் நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் நின்று சொன்னாள். பிறகு, "அம்மா, பலாச்சுளை போட்டு எடுத்துட்டு வந்தியே, அந்த டப்பா எங்க?" என்றாள்.

"எங்கியோ விழுந்துருச்சு."

"எங்க?"

"நெறைமதி, எனக்குக் கை வேலையா இருக்கு."

"நான் உன் பின்னாடியேதான்மா நடந்தேன்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தும்போது சத்தம்கூட வரவில்லை.

ஜூன் 12, புதன்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு நாள் ஆகிறது. இனியன் யானைப் படம் வரையச் சொன்னால் வரையமாட்டேன் என்கிறான் என்று டீச்சர் சொன்னார்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை நான் மட்டுமே படிக்கிறேன், இதிலும் ஏமாற்றி என்ன ஆகப்போகிறது.

"பையில திங்கற சாமான் இருக்குதுங்களா" என்று மருதி கேட்டபோது இல்லை என்று சொன்னவள் நான். அவரும் பிள்ளைகளும் வாயே திறக்கவில்லை. பையில் ஒரு டப்பா நிறையப் பலாச்சுளை இருந்தது. மூடியைத் துணியால் சுற்றியிருக்கிறேன், வாசம் வெளியே வராது என்று நினைத்தேன். ஒரு மணி நேர நடையில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மருந்துச் சீட்டில் எழுதியதை மீறுகிறவர்களை நாள் முழுக்கத் திட்டுகிறவள் நான். எனக்கென்று வரும்போது விதி என் பிள்ளையின் பசியைவிடப் பெரிதாகத் தெரியவில்லை.

ஓடையோரத்தில் இனியன் அழுதபோது மருதி பத்தடி முன்னால் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பாவைத் திறந்து அவனுக்கு மூன்று சுளை ஊட்டினேன். நான்காவதை அவன் கையில் வைத்திருந்தான். காற்று எங்கள் பின்னாலிருந்து மூங்கிலை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது. யானை வந்தபோது அதன் துதிக்கை நுனி எங்களை நோக்கி நீண்டு வளைந்து மோந்தது. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

வாசத்துக்குத்தான் அது வந்ததா, குட்டியோடு தற்செயலாக வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு மாதத்தை ஓட்டினேன்.

ஜூன் 16, ஞாயிறு

அவரிடம் சொன்னேன். கையிலிருந்த கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "சொல்லி இப்ப என்னாகப் போகுது? கால் ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான. நீ அரசாங்க உத்தியோகத்துல இருக்கற. பொய்யா எழுதிக் குடுத்தேன்னு போய் நின்னா மெமோ வரும். விடு பூங்கொடி" என்றார்.

"அந்தப் பொண்ணுதான் இனியனத் தூக்கிக் குடுத்தா."

"எனக்குத் தெரியாதா? எங் கையிலதான குடுத்தா" என்றார். எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

ஜூன் 22, சனி

போகலாம் என்றிருந்தேன். மழை.

ஜூன் 23, ஞாயிறு

இன்று மழை இல்லை. இன்றும் போகவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

நேற்று நிறைமதியிடம், "நாளைக்கு வேங்கைமரத்தூர் போறேன். வர்றியா?" என்று மட்டும் கேட்டேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் காலை ஐந்து மணிக்குக் குளித்துத் தயாராக நின்றாள். இரண்டு பஸ் மாறிப் போனோம். கடைசி மூன்று மைல் ஜீப்பில். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பரிசல் துறையில் யாரும் இல்லை. பரிசல்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மருதி வீட்டுக்கு வெளியே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக் கொள்ளு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிறைமதியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பாப்பா, வாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "அன்னிக்கு என் பையில பலாச்சுளை இருந்துச்சு மருதி" என்று நின்றபடியே சொன்னேன்.

"தெரியும்" என்றாள். கை கொள்ளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தது. "நடந்து வாரப்பவே வாசம் வந்துச்சு. பக்கத்துல எங்கியாச்சும் பழம் பழுத்துக் கெடக்கும்னு நெனச்சேன். நீங்கதான் இல்லைன்னு சொல்லிட்டீங்களே. அதுக்கு முந்தின மாசந்தான் ஒருத்தங்க பையத் தொறந்து காட்டச் சொன்னதுக்கு, எங்களத் திருடங்கன்னு நெனச்சியான்னு அந்தச் சண்டை போட்டாங்க. அதனால கேக்க மட்டுந்தான் கேட்டேன். பாக்கல."

"நீ விசாரணையில சொல்லியிருக்கலாமே."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். "சொல்லலைன்னா நெனச்சீங்க? ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே சொன்னேன். டப்பாவக் கண்ணால பாத்தேன்னு சொன்னேன். 'அந்தம்மா இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காங்க, அரசாங்க வேலைல இருக்கறவங்க, அவங்க எதுக்குப் பொய் சொல்லணும்'னாங்க. எங்க சனமும் அதத்தான் கேட்டுச்சு. தப்ப மறைக்க மருதி கத கட்டறான்னாங்க. ஒம்பது பொண்ணுங்க இந்தப் பரிசல நம்பி இருந்தோம். இப்ப ஒருத்தியும் எங்கூடப் பேசறதில்ல."

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "பையில வெச்சிருந்தீங்க, பையன் பசிக்குக் குடுத்தீங்க. அது கெடக்கட்டும். ஆனை எங்கிட்ட வாரதா ஒங்ககிட்டப் போறதான்னு நின்னுச்சு. நான் இன்னொருக்காக் கத்துனா அது காட்டுப் பக்கம் திரும்பிரும், வந்தாலும் நான் மரத்துக்குப் பின்னால போயிருவேன். அது எனக்குத் தெரியும். அந்த நேரம் பாத்து டப்பாவ ஏன் எம் பக்கம் வீசுனீங்க?"

இந்த நோட்டில்கூட நான் எழுதாதது அது.

நிறைமதி என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இது தெரியாது. டப்பா இருந்ததும் திறந்ததும் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்க்காமல், "எம் புள்ளைங்க பக்கம் வந்துரக் கூடாதுன்னு" என்றேன்.

"எனக்கும் ரெண்டு இருக்குது" என்றாள் மருதி.

ஒரு கோழி குஞ்சுகளோடு கட்டிலுக்கு அடியில் போயிற்று. கடைசியில் நான்தான், நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. ஆனா அது காயிதம். அடுத்த ஞாயித்துக்கெழம எங்க குழுக் கூட்டம் இருக்குது. அங்க வந்து ஒங்க வாயால சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். பழம், ஆர்லிக்ஸ்னு எதும் கொண்டாந்துறாதீங்க."

பையில் இரண்டு பாட்டில் ஹார்லிக்ஸ் இருந்தது. அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜூலை 3, புதன்

அரை நாள் விடுப்பு எடுத்து வனத்துறை அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். மே 15 அன்று நான் எழுதிக் கொடுத்தது பொய். உணவு வைத்திருந்தேன். வழிகாட்டி கேட்டபோது மறைத்தேன். யானை நின்றபோது அதை வழிகாட்டி இருந்த திசையில் வீசினேன். பாதையை மாற்றியது எங்களைக் காப்பாற்றத்தான். வனவர் இரண்டு முறை படித்துவிட்டு, "யோசிச்சுத்தான் குடுக்கறீங்களாம்மா?" என்றார். ஆம் என்றேன்.

ஜூலை 7, ஞாயிறு

நிறைமதி வரவில்லை. பரீட்சை இருக்கிறது என்றாள். இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் வந்தார். நான் கேட்கவில்லை, காரை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார்.

கூட்டம் சாப்பாட்டுக் கொட்டகையில். ஒன்பது பெண்களும் அவர்கள் வீட்டு ஆட்களுமாக முப்பது பேர் இருக்கும். மருதியைக் கட்டிலோடு தூக்கிவந்து ஓரமாக வைத்திருந்தார்கள். குழுத் தலைவி பேச்சி, ஐம்பது வயது, என்னை உட்காரச் சொன்னார். நின்றே சொல்கிறேன் என்றேன்.

சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. மெதுவாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றாள் மருதி. "பையில திங்கற சாமான் இருக்குதான்னு நான் கேட்டேனா?"

"கேட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னேன்."

"இன்னொருக்கா."

"இல்லைன்னு சொன்னேன்" என்று கத்தினேன். கொட்டகைக்கு வெளியே விளையாடிய பிள்ளைகள்கூட நின்று பார்த்தார்கள்.

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். ஒருவரும் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஓர் இளம்பெண் எழுந்து மருதியின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். மருதி நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இன்னும் இரண்டு பேர் எழுந்து போய்க் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். பேச்சி என்னிடம் வந்து, "நீங்க கெளம்புங்கம்மா. நாங்க எங்களுக்குள்ள பேசணும்" என்றார்.

அவர் காரை எடுத்தார். பாதி வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். "மொதல்லயே வந்திருக்கணும். நாந்தான் விடுன்னு சொன்னேன்" என்றார். டீயைக் குடிக்காமலே கொட்டினார்.

ஜூலை 8, திங்கள்

வரிசை நீளம். யாரையும் திட்டவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மெமோ வந்துவிட்டது. பொய்யான தகவல் அளித்தது குறித்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதினேன். இந்த முறை அரைப் பக்கம் போதுமாக இருந்தது.

நிறைமதி சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், பள்ளிக்குப் போய் வந்தேன் என்கிறாள், மார்க் சொல்கிறாள். முன்பு எங்கே போனாலும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். நேற்று ரோட்டைக் கடக்கும்போது நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் இனியன் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். வேண்டுமென்றே செய்யவில்லை. அதுதான் வலிக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

வேங்கைமரத்தூரில் போன வாரம் முதல் மறுபடியும் பரிசல் விடுகிறார்கள். வழிகாட்டி மேல் தவறில்லை என்று விசாரணை முடிந்து, மருதியைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் கால் சேர்ந்தது சரியாகச் சேரவில்லை. கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். காட்டுக்குள் போக முடியாது, பரிசலில் காலை மடக்கி உட்கார முடியாது. துறையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு விதிகளைச் சொல்கிறாளாம். பையைத் திறந்து பார்க்கவும் இப்போது அனுமதி உண்டாம். எல்லாம் நிறைமதி அவள் அப்பாவிடம் சொல்லி, அவர் என்னிடம் சொன்னது.

ஞாயிறு தோறும் காலை பதினொரு மணிக்கு நிறைமதி மருதிக்குப் போன் செய்கிறாள். இன்றும் பேசினாள். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. நீர்நாய் குட்டி போட்டிருக்கிறதாம், மூன்று குட்டி, துறைக்குப் பக்கத்திலேயே. தாய் நீந்தக் கற்றுக்கொடுக்கக் கழுத்தைக் கவ்வித் தண்ணீருக்குள் இழுக்க, அவை வரமாட்டேன் என்று கத்துகின்றனவாம். மருதி அந்தச் சத்தத்தைப் போனிலேயே செய்து காட்டியிருக்க வேண்டும். நிறைமதி விழுந்து விழுந்து சிரித்தாள். இனியனும் ஓடிப்போய் எனக்கு எனக்கு என்று போனைப் பிடுங்கினான். அவர்கூட இரண்டு வார்த்தை பேசினார். கால் எப்படி இருக்கிறது, மழை உண்டா என்று.

நான் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றேன். போன் மறுபடி நிறைமதி கைக்குப் போயிற்று. என்னைப் பார்த்தாள். ஒரு நொடி, கொடுக்கலாமா என்று அவளும் யோசித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, "சரிங்க்கா, அடுத்த வாரம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து மிச்ச வெங்காயத்தை உரித்தேன்.